வளருவாள் என்று விட்ட நீளம்

எங்கள் லோம்செட் பள்ளத்தாக்கில் எந்தப் பிள்ளைக்கும் அளவான பொருள் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. பனிச்சறுக்குக் காலணி வாங்கினால் இரண்டு விரல் கூடுதல், உள்ளே கம்பளிக் காலுறையைத் திணித்துக்கொள்ள வேண்டியது. மேல்சட்டை வாங்கினால் கையை மடித்து மடித்து விட வேண்டியது. "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு வார்த்தை போதும், கடைக்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் ஆமாம் போடுவார்கள். நார்வே முழுக்கவே இந்த வழக்கம் உண்டு என்றாலும் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தச் சட்டை உடம்புக்குச் சரியாக வருகிற வருஷம் பார்த்தால் முழங்கை கிழிந்திருக்கும். அப்போது அதைத் தம்பிக்குக் கொடுப்பார்கள், அவனுக்கும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

சட்டை போகட்டும், மடித்து விடலாம். துப்பாக்கியின் கட்டையை எப்படி மடிப்பது? துப்பாக்கிக் கட்டைகளைச் சரிசெய்து தருகிற ரன்வை ஊரோடு சண்டை போடுகிற ஒரே விஷயம் இதுதான். தோளில் முட்டுகிற பின்கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை கழுத்தை முன்னால் நீட்டும். தோளை இழுக்கும், விசையை விரல் நுனியால் எட்டி எட்டிப் பிடிக்கும். பத்து தோட்டா சுடுவதற்குள் கழுத்து வலி எடுத்து, குறி சுவர் பக்கம் போய்விடும். உடனே ஒரு பெரியவர், "இதுக்குக் கை நடுக்கம்" என்று பட்டம் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்.

"அடுத்த வருஷத்துப் பிள்ளை அடுத்த வருஷம் வந்து சுடட்டும். இன்னைக்குச் சுடறதுக்குப் பாயில படுத்திருக்கிறது இன்னைக்குப் பிள்ளை. அதுக்கு அளவா எது இருக்கு, அதைக் காட்டுங்க" என்பாள் ரன்வை. இப்படிப் பேசுகிறவளை எங்கள் ஊரில் வாயாடி என்போம்.

பகலில் அவளுக்குச் சமையலறை அலமாரி செய்கிற பட்டறையில் வேலை. ஐம்பதைத் தாண்டியவள், கட்டையான உடம்பு, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் எப்போதும் உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் இருக்கும். யாருக்கும் கொடுக்க மாட்டாள், கேட்கவும் யாருக்கும் தைரியம் கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து நிலவறைக்கு வந்துவிடுவாள். எங்கள் துப்பாக்கிக் கழகம் குளிர்காலம் முழுக்க அங்கேதான். பிள்ளைகள் வரிசையாகப் பாயில் படுத்து, எதிர்ச்சுவரில் விளக்கு போட்ட அட்டைகளைச் சின்னத் துப்பாக்கியால் சுடும். கொதிகலன் அறையை ஒட்டி ஒரு மேசை. அதில் ஒரு பிடிப்பான், அரம், உப்புத்தாள், ரம்பம். அந்த மேசைதான் ரன்வையின் ராஜ்ஜியம்.

அவள் வேலை செய்கிற விதமும் தனி. முதலில் பிள்ளைக்குச் சுடுகிற சட்டையை மாட்டுவாள், தடிமனான சட்டை போட்டால் கை நீளமே மாறிப்போகும் என்று. பிறகு காலித் துப்பாக்கியோடு பாயில் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்வாள். "உடம்புக்கு எப்படிச் சுகமோ அப்படிப் படு. குறியை மறந்துடு. தூங்கப் போறேன்னு நினைச்சுக்கோ." பிள்ளை நெளிந்து நெளிந்து ஒரு நிலைக்கு வரும். அப்போது, "தலையை அசைக்காம கண்ணைத் தொற. என்ன தெரியுது?" என்பாள். பின்னால் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக முன்வளையமும், அதற்குள் அட்டையின் கறுப்பு வட்டமும் தானாகவே தெரிந்தால் கட்டை சரி. தெரியவில்லை என்றால் தப்பு கட்டையிலே, பிள்ளையில் இல்லை. அறுப்பாள், இழைப்பாள், கன்னம் படுகிற இடத்தை மரப்பட்டை வைத்துத் தூக்குவாள். பிள்ளை வளர்ந்தால் மறுபடி படுக்கப் போடுவாள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டால், அதற்கு அவளுடைய பன்னிரண்டு வயதுக்குப் போக வேண்டும். அண்ணன் எய்வின்டுக்கு அப்போது பதினேழு, நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவனுடைய துப்பாக்கியை இவளிடம் கொடுத்தார்கள், வளர்கிற பிள்ளை என்று. இவள் வளர்ந்தாள், குறுக்கே. கட்டை நீளமாக இருக்கிறது என்று ஒருநாள் தகப்பனிடம் சொன்னாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர். நிலவறையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பதினாலு வயதில், "எனக்குக் கை நடுங்குது, வராது" என்று துப்பாக்கியை வைத்துவிட்டாள். அதை அவளே நம்பவும் செய்தாள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள் என்று யாரும் கேட்கவில்லை.

அவளைத் திரும்பக் கொண்டுவந்தவள் சுன்னிவா. கடலோரத்துப் பெண், ஹல்வோரைக் கட்டிக்கொண்டு எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தவள். கொக்கு மாதிரி நீண்ட கையும் கழுத்தும். துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரி. பட்டறையில் அலமாரிக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில் ரன்வையோடு சிநேகமாகி, "நீ ஏன் சுடறதில்ல?" என்று கேட்டாள். கை நடுக்கம் என்றாள் ரன்வை. "கண்ணாடிக் கதவுக்குக் கீல் வைக்கிற கை எங்கயாவது நடுங்குமா? யாருடி உனக்குச் சொன்னது?" என்றாள் சுன்னிவா. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரன்வை அண்ணனின் பழைய கட்டையை எடுத்துத் தன் கைக்குத் தக்கபடி அறுத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை படுத்துச் சுட்டாள். நடுக்கத்தைக் காணோம். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் அழுதாள்.

அதற்கு அவள் சுன்னிவாவுக்குச் செய்த கைமாறு ஒரு குழி. சுன்னிவா சின்ன வயதில் படகுத்துறையில் வழுக்கி விழுந்து தாடை உடைந்தவள். வலது பக்கம் எலும்பு ஒரு முண்டாக ஒட்டியிருந்தது. கட்டையில் கன்னத்தை வைத்தால் அந்த முண்டு அழுந்தி வலிக்கும். ரன்வை அரத்தை எடுத்து, கன்னம் படுகிற இடத்தில் கட்டைவிரல் அமிழ்கிற அளவுக்கு ஒரு குழி ராவினாள். முண்டு அதில் போய் உட்கார்ந்துகொண்டது. "இப்ப தலையணை மாதிரி இருக்கு" என்றாள் சுன்னிவா. அதற்குப் பிறகு இருவரும் எத்தனையோ கோடைகாலப் போட்டிகளுக்கு ஒரே காரில் போய் வந்தார்கள். வழியெல்லாம் சண்டை, சிரிப்பு. பிறகு சுன்னிவாவுக்கு நோய் வந்தது. மகள் யோருனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது அவள் போய்விட்டாள்.

ஹல்வோர் குளிர்காலத்தில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுவான், கோடையில் வைக்கோல் வேலை. பேச்சு குறைவு, கை வேலை சுத்தம். மனைவி போன பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சும் போயிற்று. யோருனைச் செவ்வாய்க்கிழமை நிலவறைக்குக் கொண்டுவந்து விடுவான், வண்டியிலேயே உட்கார்ந்திருந்து கூட்டிப் போவான். கழகத்தின் பழைய கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு அவள் நன்றாகத்தான் சுட்டாள். அந்தக் கட்டையை ரன்வை அவளுக்காகவே தேய்த்துக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டு வயதில், வசந்தகாலப் போட்டியில் பரிசாக ஒரு வெள்ளிக் கரண்டிகூட வாங்கினாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் நிலவறை திறந்த முதல் சாயங்காலம். வாஃபிள் அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் காபியுமாக ஊரே கூடியிருந்தது. ஹல்வோர் முதல் தடவையாக வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்தான். கையில் கம்பளியில் சுற்றிய ஒன்று. மேசையில் வைத்துப் பிரித்தான். யோருனின் சின்னத் துப்பாக்கிக்கு அவனே செதுக்கிய கட்டை. அவர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்ற பிர்ச் மரம் அது, உள்ளே ரேகை தீக்கொழுந்தாக ஓடுகிற ஜாதி. போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறான்.

வாஃபிளைக் கையில் பிடித்தபடி எல்லாரும் சுற்றி நின்றார்கள். கழகத் தலைவர் ஸ்டெய்னார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "மோசமில்ல" என்றார். இதற்கு மேல் எங்கள் ஊரில் பாராட்டு வார்த்தை கிடையாது. கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான், நல்ல அறுவடைக்கும் அதுதான். ஹல்வோருக்குக் காது சிவந்துபோயிற்று.

"கொஞ்சம் நீளம் விட்டிருக்கேன். வளர்ற பிள்ளை" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ரன்வை தலையாட்டவில்லை. பெண்ணின் முழங்கையைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள். அளவுகோலே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். ஹல்வோர் முகத்தைப் பார்த்தாள். சுன்னிவாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அத்தனை பேர் நடுவில் அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"மரம் நல்ல மரம்" என்றாள். அது உண்மைதான். ஊரறிந்த வாயாடி வாயை மூடிக்கொண்ட ஒரே நாளும் அதுதான்.

குளிர்காலம் நடந்தது. யோருனின் தோட்டாக்கள் அட்டையின் ஓரத்துக்குப் போயின. பிறகு அட்டையையும் தாண்டிப் போயின. "சுவருக்கு அம்மை போட்டிருக்கு போல" என்று ஸ்டெய்னார் கிண்டல் செய்தார். பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கட்டை எப்படி இருக்கிறது என்று ரன்வை கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கு" என்றாள். கால் முறிந்தாலும் பரவாயில்லை என்று சொல்கிற பள்ளத்தாக்கில் வேறு என்ன சொல்வாள்? அந்தப் பதில் ரன்வைக்கும் சௌகரியமாக இருந்தது. கேட்டாயிற்று, நல்லா இருக்காம், என்று மேசைக்குத் திரும்பிவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை யோருன் துப்பாக்கிப் பையோடு ஒரு துணிப் பொட்டலத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"கழகத்துச் சட்டை. துவைச்சுக் கொண்டாந்துட்டேன்."

"எதுக்கு?"

"கைப்பந்துல சேரப் போறேன். அதுவும் செவ்வாய்க்கிழமைதான்."

"சுடறது அலுத்துப்போச்சா?"

பெண் தோளைக் குலுக்கினாள். "எனக்குக் கை நடுங்குது, ரன்வை. வராது."

ரன்வை கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். பதினாலு வயதில் தகப்பனிடம் அவள் சொன்ன அதே வார்த்தை, ஒன்றுகூட மாறவில்லை.

"போறதுதான் போறே. சட்டையை மாட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை படு. தோட்டா வேண்டாம்."

யோருன் படுத்தாள். கண்ணை மூடச் சொன்னாள் ரன்வை. உடம்பைத் தளர விடச் சொன்னாள். மூச்சு சீராக வரும்வரை காத்திருந்தாள்.

"தலையை அசைக்காம கண்ணைத் தொற. என்ன தெரியுது?"

"கறுப்பு."

"வட்டமா?"

"இல்ல. வெறும் கறுப்பு."

"அப்ப இவ்வளவு நாளா எப்படிக் குறி பாத்தே?"

"இப்படி" என்று யோருன் கழுத்தை முன்னால் நீட்டிக் காட்டினாள். நரம்பு புடைத்தது. தாடை நடுங்கியது. கூடவே துப்பாக்கியும் நடுங்கியது.

ரன்வைக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. துப்பாக்கியை வாங்கி மேசைக்குக் கொண்டுபோனாள், கட்டையைத் தனியே கழற்றினாள். எவ்வளவு அறுக்க வேண்டும் என்று பார்க்க மரத்தின் மேல் கையை ஓட்டினாள். கன்னம் படுகிற இடத்துக்குப் பின்னால் கட்டைவிரல் ஒரு குழியில் போய் உட்கார்ந்தது. அளவாக, வழவழவென்று ஒரு குழி. யோருனின் கன்னத்தில் எந்த முண்டும் கிடையாது. அப்படி ஒரு குழி தேவைப்பட்ட தாடை இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நீளம் ஏன் என்பது அவளுக்கு அப்போது விளங்கிற்று. மகள் வளர்வதற்கு என்று ஹல்வோர் இடம் விடவில்லை. அவன் சுன்னிவாவுக்குச் செய்திருக்கிறான்.

"அது அப்பாவுக்கு உளி வழுக்கிருச்சு போல. நான் கேக்கல" என்றாள் யோருன், ரன்வையின் விரலைப் பார்த்துவிட்டு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கட்டை பெருசுன்னு அப்பாகிட்ட சொல்லிடாதே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எண்ணெய் தேய்ச்சு வைக்கிறார். அம்மா மாதிரி கை வரும்னு சொல்லி என்னைக் கதவோரம் நிறுத்தி அளக்கிறார். எனக்குத்தான் வரமாட்டேங்குது" என்றாள். தான் ஏதோ கடமை தவறிவிட்ட மாதிரி சொன்னாள்.

"சட்டையை வச்சுக்கோ. கைப்பந்துக்கு அடுத்த வாரம் போகலாம். ஒரு வாரம் எனக்குக் குடு" என்று கட்டையைத் திரும்ப மாட்டிக் கொடுத்தாள் ரன்வை.

சனிக்கிழமை ஹல்வோர் வீட்டுக்குப் போனாள். யோருன் வெளியே போயிருந்தாள். அவன் காபி வைத்தான், இலவங்கப்பட்டை ரொட்டி எடுத்து வைத்தான். பனியைப் பற்றிப் பேசினார்கள். வண்டியின் முன்தகடு தேய்ந்ததைப் பற்றிப் பேசினார்கள். இதையெல்லாம் பேசி முடிக்காமல் எங்கள் ஊரில் விஷயத்துக்கு வர முடியாது.

"கட்டை நீளம், ஹல்வோர்."

"தெரியும். வளர்றதுக்கு விட்டது."

"இவ்வளவு யாரும் விட மாட்டாங்க."

"நல்லா இருக்குன்னுதான் சொல்றா."

"உன் மகதானே. விலா எலும்பு உடைஞ்சப்ப நீ என்ன சொன்னே? சளி புடிச்சிருக்குன்னு சொன்னே."

ஹல்வோர் உதட்டோரம் சிரிக்கப் பார்த்தான். ரன்வை சந்தர்ப்பத்தை விடவில்லை. "அறுக்கணும்" என்றாள். சிரிப்பு போய்விட்டது.

"ஒரு குளிர்காலம் உக்காந்து செஞ்சேன்."

"தெரியும். மோசமில்ல. மனசாரச் சொல்றேன்."

"அப்புறம் என்ன? ஒரு வருஷம் பொறுத்துப் பாரு. அவ அம்மாவும் பதினாலு வயசுலதான் மடமடன்னு வளந்தாளாம்."

"அது அவ அம்மாவோட கட்டைதானே? கன்னத்துல குழி போட்டிருக்கே. அந்தக் குழியை முதல்ல போட்டவ நான். என் அரம் பட்ட இடம் எனக்குத் தெரியாதா?"

ஹல்வோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாதிரிக்கு வீட்டுல அவளோடதுதான் இருந்துச்சு. பூட்டு அலமாரியிலிருந்து எடுத்து இந்த மேசையில வச்சு, பாத்துப் பாத்துச் செதுக்கினேன். குழி வந்தப்ப இதை விட்டுடலாம்னு நினைச்சேன். விட முடியல. அது இல்லாம செஞ்சா யாரோ ஒருத்தருக்குச் செய்யற மாதிரி இருந்துச்சு." கோப்பையைத் தள்ளி வைத்தான். "அதுல ரம்பம் வைக்க விடமாட்டேன், ரன்வை."

"அப்ப அவ துப்பாக்கியை விட்டுடுவா. செவ்வாய்க்கிழமையோட சரி."

"விடட்டும். கைப்பந்தும் விளையாட்டுதான்."

"பிடிக்கலைன்னு விட்டா நான் ஏன் இங்க வந்து உக்காந்திருக்கேன்? கை நடுங்குதுன்னு சொல்லிட்டுப் போறா. அவ கை நடுங்கல. நடுங்குதுன்னு நம்பிட்டுப் போனா அது ஆயுசுக்கும் கூட வரும். நான் சுமந்திருக்கேன், எனக்குத் தெரியும். என்னைக் காப்பாத்தினது உன் பொண்டாட்டி. அவ இருந்திருந்தா இந்தக் கட்டையை எப்பவோ அறுத்திருப்பா." ரன்வை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நீ கொண்டுவந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். உன் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்லாம விட்டேன். அந்தத் தப்பு என்னுது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"காபி ஆறுது" என்றான் ஹல்வோர். கிளம்பு என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

ரன்வை ஆறிய காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். காரில் உட்கார்ந்து சாவியைப் போடாமல் அழுதாள். சுன்னிவாவின் புருஷனும் கைவிட்டுப் போனான், மகளும் போனாள் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறை வாசலில் பனி தள்ளுகிற வண்டி வந்து நின்றது. ஹல்வோர் இறங்கினான். பின்னால் யோருன், பள்ளிக்கூடப் பையோடு. அவன் கம்பளிச் சுருளை ரன்வையின் மேசைமேல் வைத்தான்.

"நேத்து சமையல்கட்டுத் தரையில இவளைப் படுக்கப் போட்டேன். நீ செய்யற மாதிரிக் கண்ணை மூடச் சொன்னேன். தொறந்தப்ப என்ன தெரியுதுன்னு கேட்டேன்" என்றான். "ஒண்ணும் தெரியலப்பான்னா. குளிர்காலம் பூரா ஒண்ணும் தெரியாமலே சுட்டிருக்கா. நான் வெளியே வண்டியில உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எங்க அறுக்கணும்னு சொல்லு."

ரன்வை பெண்ணுக்குச் சட்டையை மாட்டி, தரையில் படுக்க வைத்து, பென்சிலால் கோடு போட்டாள். நாலு விரல் அளவு வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஹல்வோரின் முகம் வெளுத்தது.

"அறுத்ததைத் தூக்கி எறியப் போறதில்ல. அதை மெல்லிசு மெல்லிசாத் துண்டு போட்டு, ஒவ்வொண்ணுலயும் திருகுக்கு ஓட்டை போட்டு வைப்பேன். இவ வளர வளர ஒவ்வொண்ணா அதே இடத்துல திரும்பச் சேத்துக்கலாம். உன் மரம் எங்கயும் போகாது. ரேகைகூட ஒட்டிக்கும்" என்றாள் ரன்வை.

"இதைச் சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்ல விட்டே? காபி ஆறுதுன்னு விரட்டினே."

அவனே அறுக்கிறேன் என்றான். பட்டறையில் மின்சார ரம்பம் இருந்தது, வேண்டாமென்று கை ரம்பத்தை எடுத்துக்கொண்டான். கோட்டில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ரம்பம் கோட்டை விட்டு வழுக்கியது.

"கை நடுங்குது" என்றான் மெதுவாக.

"நம்ம குடும்பத்துக்கே அது இருக்கும் போல" என்றாள் யோருன். ரன்வைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹல்வோரும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், அறுத்தான். நேராக அறுத்தான்.

ரன்வை முனையைத் தேய்த்து, தோளில் படுகிற பக்கம் பட்டை வைத்துக் கொடுக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். கட்டை குட்டையானதும் யோருனின் கன்னம் முன்னால் வந்துவிட்டது, குழி காதுக்குப் பின்னால் வெறுமையாக நின்றது. அதை அடைத்துவிடவா என்று கேட்டாள் ரன்வை. அது என்ன என்று யோருன் திருப்பிக் கேட்டாள். ஹல்வோர்தான் பதில் சொன்னான். "உங்கம்மா தாடை வைக்கிற இடம்." பெண் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. அடைக்க வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் நிலவறையில் ஹல்வோர் வண்டியில் உட்காரவில்லை. உள்ளே வந்து சுவரோரம் நின்றான். யோருன் படுத்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள்.

"என்ன தெரியுது?" என்றாள் ரன்வை.

"வட்டம். அதுக்குள்ள வட்டம்." கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "ரன்வை, இது இவ்வளவு நாளும் இங்கயேதான் இருந்துச்சா?"

உடனே வெள்ளிக் கரண்டி கொட்டியது என்று நினைக்க வேண்டாம். நீட்டிப் பழகிய கழுத்து அடங்குவதற்கே வசந்தம் ஆகிவிட்டது, அந்த வருஷம் அவள் ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் கைப்பந்துக்குப் போகவில்லை, கை நடுக்கம் என்ற பேச்சையும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஸ்டெய்னாரைக் கேட்டால், சுவர் தேறிவிட்டது என்பார். சட்டை இறுக்கமாகும்போதெல்லாம் ரன்வை அவளைப் படுக்க வைப்பாள். தேவைப்பட்டால் ஒரு துண்டு திரும்பிப் போகும். திருகை முடுக்குவது மட்டும் ஹல்வோரின் வேலை, வேறு யாரையும் தொட விட மாட்டான். மிச்சத் துண்டுகள் பனிவண்டியில், கண்ணாடிக்குக் கீழே, ஒரு புகையிலை டப்பாவில் இருக்கும். டப்பா காலியாகிக்கொண்டே வந்தது.

பதினேழு வயதில் யோருன் நகரத்துக்குப் படிக்கக் கிளம்பினாள். போவதற்கு முந்தின வாரம் கடைசியாக ஒரு தடவை அளவு பார்த்துவிடலாம் என்று மூவரும் நிலவறைக்கு வந்தார்கள். டப்பாவில் ஒரே ஒரு துண்டு மிச்சம். ஹல்வோர் அதை எடுத்து உள்ளங்கையில் தயாராக வைத்திருந்தான்.

யோருன் கண்ணை மூடிப் படுத்தாள். திறந்தாள். "வட்டம் தெரியுது" என்றாள்.

"துண்டு இல்லாமலேயா?" என்றான் ஹல்வோர்.

"இல்லாமலே."

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம். வளர்ற பிள்ளை."

யோருன் எழுந்து வந்து அப்பாவின் விரல்களை அந்தத் துண்டின் மேல் மடக்கி மூடினாள். "நான் வளந்து முடிச்சுட்டேன்பா. இது அம்மாவோட நீளம். நான் இவ்வளவுதான்."

ஹல்வோர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். கதவோரம் நிறுத்தி அளந்த காலத்தில் அவன் கண் எப்போதும் அவள் தலைக்கு மேலே, இன்னும் எட்டாத கோட்டில் இருக்கும். இன்றைக்கு அது அவள் முகத்தில் நின்றது.

"மோசமில்ல" என்றான்.

ரன்வை திருப்புளியை அவனிடம் நீட்டினாள். அவன் கடைசித் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டையை இருந்த அளவிலேயே வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான்.